ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கக்கூடிய விளையாட்டுக் காதல் கதை

காசிமேட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். கணவர் விசைப்படகில் போகிறவர், மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வீட்டில் இருப்பார். மாமியாரும் ஒன்பதாவது படிக்கும் மகளும் அதே ஒரு ரூமில். மகள் கேரம் கிளப்புக்குப் போகிறாள். "மிஷின் மேல உக்காந்தா படிக்க முடியாது, கேக்கத்தான் முடியும். விளையாட்டைப் பத்தின, மனசைத் தொடுற லவ் ஸ்டோரி வேணும். ஆனா எல்லாரும் பக்கத்துல இருக்கும்போது சட்டுனு சவுண்டைக் குறைக்கிற மாதிரி இருக்கக் கூடாது. எதைப் பாத்து எடுக்கிறது? இங்கிலீஷ்ல வர்ற ஐஸ் ஹாக்கி கதையெல்லாம் நமக்குப் புரியுமா?"

நான் புதுவண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவள், ஒலிநூல்களுக்குக் குரல் கொடுப்பது தொழில். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் காதல் காட்சியைத் தேடாதீர்கள். ஆட்டக் காட்சியைத் தேடுங்கள். பெரும்பாலான செயலிகளில் மாதிரி கேட்க முதல் அத்தியாயமோ சில நிமிடங்களோ இலவசமாகக் கிடைக்கும். அதற்குள் ஒரு ஆட்டம் வந்தால் அதை மட்டும் கவனித்துக் கேளுங்கள். ஆட்டத்தைப் பொய்யாக எழுதுகிறவர் காதலையும் பொய்யாகத்தான் எழுதுவார். இது என் அனுபவத்தில் தவறியதே இல்லை. ஒரு பெண் காயினை எப்படிக் குறி பார்க்கிறாள் என்று கவனிக்கப் பொறுமையில்லாத எழுத்தாளருக்கு, அவள் ஒருவனை எப்படிப் பார்க்கிறாள் என்று கவனிக்க மட்டும் பொறுமை எங்கிருந்து வரும்?

உதாரணத்துக்கு நானே ஒரு காட்சியை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறேன். கேரம் இறுதிப் போட்டி. பெண்ணுக்கு எதிரே அவள் மனசுக்குப் பிடித்தவன்.

ஒரு விதம்: "அவள் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். ரெட் குழிக்குள் பாய்ந்தது. அரங்கமே அதிர்ந்தது. அவன் கண்கள் அவள் கண்களைச் சந்தித்தன. இருவர் இதயமும் ஒரே நேரத்தில் துடித்தன."

இன்னொரு விதம்: "ரெட் உள்ளே போனது. யாரும் கை தட்டவில்லை. ஃபாலோவுக்கு ஒரே ஒரு வெள்ளைதான் மிச்சம், அதுவும் ஃபிரேமை ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்ட்ரைக்கரை வைத்தாள், எடுத்தாள், ஒரு விரல் தள்ளி மறுபடி வைத்தாள். எதிரே இருந்தவன், ஸ்டாண்டில் ஊன்றியிருந்த முழங்கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். போர்டு துளி ஆடிவிடக் கூடாது."

முதலாவதை எழுதினவருக்குக் கேரம் தெரியாது. ரெட் போட்டதும் யாரும் குதிக்க மாட்டார்கள். பின்னாலேயே தன் காயின் ஒன்றைப் போட்டால்தான் ரெட் கணக்கில் சேரும். ஃபாலோ தவறினால் ரெட் திரும்ப நடுவுக்கே வந்துவிடும். கிளப் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிற பொடியனுக்குக்கூட அது தெரியும். இரண்டாவதில் காதல் என்ற சொல்லே இல்லை. ஆனால் அவள் ஜெயித்தால் தோற்கப்போகிறவன் அவன்தான், அவனே முழங்கையை எடுத்துக்கொள்கிறான். உங்கள் மாமியாருக்குக் கேரம் தெரியாவிட்டாலும் அந்த முழங்கை புரியும்.

உங்கள் வீட்டில் இதற்கு ஒரு நடுவரே இருக்கிறாள். கேரம் கதையாக இருந்தால் மகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு கேம் 25 பாயிண்ட் அல்லது எட்டு போர்டு (காயின்களை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்றுதான் ஒரு போர்டு). ரெட்டுக்கு மூன்று பாயிண்ட், ஆனால் ஸ்கோர் 21 இருக்கும் வரைதான். 22-ஐத் தொட்டுவிட்டால் ரெட் போட்டாலும் அதற்குப் பாயிண்ட் கிடையாது. "23-ல் நின்றவள் கடைசி ரெட்டின் மூன்று பாயிண்டால் சாம்பியன் ஆனாள்" என்று ஒரு கதை வந்தால் உங்கள் மகள் அங்கேயே நிறுத்திவிடுவாள். அவள் நிறுத்துவது நியாயம்தான். விதியைத் தெரிந்துகொண்டு எழுதியிருந்தால் அதே இடம் எவ்வளவு நன்றாக வந்திருக்கும்! 22-ஐத் தொட்டபின் ரெட் வெறும் ரெட்தான், அதனால் பாயிண்ட் ஏறப்போவதில்லை, ஆனாலும் அவள் அதைத்தான் குறி வைக்கிறாள் என்று எழுதலாமே. ஏன் என்று கேட்டுக்கொண்டு நாம் அடுத்த அத்தியாயத்துக்குப் போவோம்.

இனி குரல். விளையாட்டுக் கதையை அச்சில் படிக்கும்போது நம் கண் அவசரப்படும். ரெட்டுக்கும் ஃபாலோவுக்கும் நடுவே இருக்கிற நாலு வரியைத் தாண்டிப் போய் "விழுந்ததா இல்லையா" என்று பார்த்துவிடும். காதால் கேட்கும்போது அப்படித் தாண்ட முடியாது. வாசிப்பவர் எவ்வளவு நேரம் நிறுத்துகிறாரோ அவ்வளவு நேரம் நாமும் நின்றுதான் ஆக வேண்டும். அதனால்தான் இந்த வகைக் கதைக்கு ஆடியோ இவ்வளவு பொருந்துகிறது. அந்த இடத்தில் வாசிப்பவர் குரலை உயர்த்தினால் பாதி போய்விட்டது. நன்றாக வாசிப்பவர் அங்கே சாதாரணமாகத்தான் பேசுவார், வேகத்தை மட்டும் குறைப்பார். மூச்சையும் கவனியுங்கள். பதிவு முடிந்ததும் எடிட்டிங்கில் மூச்சுச் சத்தங்களை வெட்டிச் சுத்தம் செய்வது எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் ஆட்டக் காட்சியில் வாசிப்பவரின் மூச்சு கொஞ்சம் மிஞ்சியிருக்க வேண்டும். ஒரு சுவாசமும் கேட்காத இறுதிப் போட்டி எனக்கு உயிரில்லாததாகப் படும்.

ஒரே குரல் முழுக் கதையையும் வாசிப்பது ஒரு வகை. அவள் அத்தியாயத்தைப் பெண் குரலும் அவன் அத்தியாயத்தை ஆண் குரலும் வாசிப்பது இன்னொரு வகை, காதல் கதைகளில் இது இப்போது அதிகம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் குரல், பின்னணி இசை, சத்தங்கள் என்று நாடகமாகவே செய்வது மூன்றாவது வகை. பாம்பே கண்ணன் அவர்கள் பொன்னியின் செல்வனை அப்படிப் பல குரல்களில் கொண்டுவந்தார், அந்தப் பெரிய கதைக்கு அது தேவையாகவும் இருந்தது. விளையாட்டுக் காதலுக்கு என் ஓட்டு இரண்டு குரலுக்குத்தான். அவள் மனசில் ஓடுவது ஒன்று, அதே ஆட்டத்தில் அவன் மனசில் ஓடுவது வேறு என்று தெரியும்போது வரும் தவிப்பு வேறு எதிலும் வராது. கூட்டத்தின் ஆரவாரத்தையும் விசில் சத்தத்தையும் பின்னால் ஓட விடுகிற பதிவுகளைத் தவிர்த்துவிடுங்கள். மிஷின் ஓடுகிற வீட்டில் அந்த இரைச்சல் வசனத்தை மூழ்கடித்துவிடும்.

காதுக்கு எந்த விளையாட்டு சுலபம் என்பதையும் யோசியுங்கள். வியாசர்பாடிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் கால்பந்துக்கு முன்னால் நான் கும்பிட்டு நிற்பேன். ஆனால் முதல் முறை கேட்பவர்களுக்கு அணி ஆட்டம் கடினம். பந்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பத்துப் பெயர்களைக் காதால் மட்டும் பிடித்து வைக்க முடியாது. ஒருவருக்கு எதிரே ஒருவர் நிற்கிற ஆட்டங்கள் முதலில் கேட்க நல்லவை: கேரம், பேட்மிண்டன், குத்துச்சண்டை. குத்துச்சண்டையில் இன்னொரு வசதி உண்டு. ஒலிம்பிக் பாணி ஆட்டத்தில் மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. அந்த ஒரு நிமிடத்தில் ஓரமாக ஸ்டூலில் உட்காரும்போது யார் தண்ணீர் கொடுக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பதில்தான் நல்ல எழுத்தாளர் கதையை வைப்பார். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரை சொல்லிச் சண்டை பார்த்த ஊர் நம்முடையது, ரிங் ஓரத்துப் பேச்சின் வாசனை நமக்குத் தெரியும். அது பொய்யாக இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

சவுண்டைக் குறைக்கத் தேவையில்லாத கதை என்றீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படுக்கையறைக் காட்சி இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு கதையைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் இணையத்தில் வரும் காதல் தொடர்களில் "ஆன்டி ஹீரோ", "கட்டாயக் கல்யாணம்" என்று ஒரு வரிசையே இருக்கிறது. அவன் மிரட்டுவான், கையைப் பிடித்து இழுப்பான், ஓங்கி அறைவான், கடைசியில் அவள் அவனையே நேசிப்பாள். இவற்றில் பல குடும்பத்தோடு கேட்கலாம் என்று குறிப்போடுதான் வருகின்றன. முத்தமே இல்லாவிட்டாலும் அதை ஒன்பதாவது படிக்கிற பெண்ணின் காதில் போட எனக்கு மனசு வராது. விளையாட்டுக் கதையில் இன்னொன்றும் உண்டு, கோச்சுக்கும் அவர் பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கும் காதல் என்பது. அணியில் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையில். அவள் வேண்டாம் என்று எப்படிச் சொல்லுவாள்? இந்தக் கேள்வியைக் கதையே கேட்டு நேர்மையாகப் பதில் சொன்னால் கேளுங்கள். கேட்காமல் இனிப்புப் பூசினால் விட்டுவிடுங்கள். கதைச் சுருக்கத்திலேயே அவர்கள் இருவரும் யார், என்ன வயது, யார் யாருக்குக் கீழே என்று பார்த்துவிட்டால் பாதி தெரிந்துவிடும்.

நல்ல சுத்தமான காதல் கதையில் உடம்பு இருக்கும். விளையாட்டுக் கதை ஆயிற்றே, உடம்பு இல்லாமல் எப்படி? நகம் பெயர்ந்த விரல், டேப் சுற்றின மணிக்கட்டு, பிராக்டிஸ் முடிந்து வேர்த்துப்போய் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடையில் நிற்கும்போது, அவள் வலது கை வலியில் இருப்பதைப் பார்த்து அவன் தன் தட்டில் இருக்கும் முட்டையைப் பிட்டு அவள் தட்டில் வைப்பது. எழுத்தாளர் நெருக்கத்தை ஒளித்துவைக்க வேண்டியதில்லை, அதை இப்படிப்பட்ட இடங்களுக்குக் கொண்டுவந்தால் போதும். ஒரு ரூம் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பாசம் எப்படி இருக்குமோ அப்படி. எல்லோரும் இருக்கும்போதே, யாருக்கும் தெரியாமல், ஆனால் உங்கள் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி.

இங்கிலீஷ் ஐஸ் ஹாக்கி கதைகள் புரியும். பனித்தரையில் ஸ்கேட் கட்டிக்கொண்டு, பந்துக்குப் பதில் பக் என்ற கறுப்பு ரப்பர் வட்டு. 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு ஆறு பேர். சின்னத் தப்புக்கு இரண்டு நிமிடம் தனிப் பெட்டியில் உட்கார வைப்பார்கள், கதாநாயகன் அடிக்கடி அங்கேதான் உட்கார்ந்திருப்பான். இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் இந்த வகையில் பச்சையான காட்சிகள் வரும் நாவல்கள் நிறைய. அட்டையில் பூவும் சிரிப்புமாக இருந்தாலும் நம்ப வேண்டாம். கேட்டவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படித்துவிட்டு, முதலில் நீங்கள் தனியாக இயர்போனில் கேட்டுப் பாருங்கள், பிறகு ஸ்பீக்கரில் போடலாம்.

எப்படிக் கேட்பது என்பதில் உங்கள் தொழிலே நேரத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. துணி அளந்து கத்திரி வைக்கும்போது எதுவும் வேண்டாம், கணக்கில் கவனம் போய்விடும். மிஷின் ஓட்டும்போது குடும்பப் பேச்சு, ஊர் வர்ணனை வருகிற அத்தியாயங்களைக் கேளுங்கள், ஒரு வரி விட்டாலும் நஷ்டமில்லை. கொக்கி வைப்பது, ஹெம்மிங், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது என்று கை வேலை வரும்போது ரூமே அமைதியாக இருக்கும் இல்லையா, ஆட்டக் காட்சியை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். போட்டி ஆரம்பிக்கப்போகிறது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, தைத்து முடித்த பிளவுஸ்களை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுங்கள். போனை மிஷின் பலகையில் வைக்காதீர்கள், அதிர்வில் குரல் கரகரக்கும். உங்கள் தலை உயரத்துக்கு ஒரு செல்ஃபில், சுவரை ஒட்டி வைத்தால் சவுண்டைக் கூட்டாமலே தெளிவாகக் கேட்கும்.

வேகத்தைக் கூட்டிக் கேட்கும் பழக்கம் இப்போது பலருக்கும் இருக்கிறது. தமிழ்க் காதல் கதைக்கு வேண்டாம். நம் வாக்கியத்தில் செய்தது அவனா அவளா என்பது கடைசி எழுத்தில்தான் தெரியும். "பார்த்தான்", "பார்த்தாள்": ஒன்றரை மடங்கு வேகத்தில், மோட்டார் சத்தத்துக்கு நடுவே, இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும். யார் யாரைப் பார்த்தார்கள் என்பதே குழம்பிப்போனால் காதல் கதையில் என்ன மிச்சம்? உங்கள் மாமியாருக்குக் காது மந்தமாக இருந்தால் 0.9-க்குக் குறைத்துக்கூடப் போடலாம், குரல் கெடாது.

மாமியார் இதையெல்லாம் ரசிப்பாரா என்று யோசிக்க வேண்டாம். ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு, படமே பார்க்காமல் வசனத்தை மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை அது. காதால் மட்டும் கதை பிடிப்பதில் நம்மைவிட அவர் கெட்டிக்காரர். அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தி, "அவன் ஏன் முழங்கையை எடுத்தான்?" என்று அவரையே கேளுங்கள். மகளுக்கு நீங்கள் நேரடியாகச் சொல்லக் கூச்சப்படும் பல விஷயத்தை அவர் போகிற போக்கில் சொல்லிவிடுவார்.

செலவு, டேட்டா பற்றிச் சுருக்கமாக. ஸ்டோரிடெல், ஆடிபிள், குக்கூ எஃப்எம் என்று செயலிகள் இருக்கின்றன. தமிழில் விளையாட்டையே நடுவில் வைத்த காதல் நாவல் இன்னும் குறைவுதான் என்பதால், விளையாட்டின் பெயரைப் போட்டும் தேடுங்கள், "காதல்" என்று மட்டும் போட்டால் ஆயிரம் வந்து விழும். சந்தா கட்டுவதற்கு முன் தானாகப் புதுப்பிக்கிற வசதி இருக்கிறதா, அதை எங்கே நிறுத்துவது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர ஆடியோ சுமார் 29 எம்பி. எட்டு மணி நேர நாவலுக்கு 230 எம்பி போதும், முதல் நாள் ராத்திரியே இறக்கி வைத்தால் பகலில் சிக்னல் போனாலும் கதை நிற்காது. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். உங்கள் வீட்டுக்காரர் வலை பின்னிக்கொண்டே கேட்பார். தினம் ஒரு அத்தியாயம் என்று வைத்தாலும் இரண்டு மூன்று நாவல் தாராளமாக முடியும்.

மகளுக்காக ஒன்று. கதையில் வரும் பெண் காதலித்து ஜெயிக்கட்டும், ஆனால் கேரம் ஆடி ஜெயித்த நிஜமான பெண்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சில் உலக சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்களுக்கு முன்பே 1991, 1995 என்று இரண்டு முறை ஆண்கள் உலகப் பட்டம் வென்று, கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர்தான். கதாநாயகியின் கஷ்டத்தை எழுத்தாளர் ஊதிப் பெருக்குகிறாரா, உள்ளதைச் சொல்கிறாரா என்று எடை போட இந்தப் பெயர்கள் அவளுக்கு உதவும்.

எவ்வளவு தேடியும் மனசுக்குப் பிடித்த ஒலிநூல் கிடைக்காவிட்டால், பிடித்த அச்சு நாவல் ஒன்றை எடுத்து மகளையே வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். ஃபேனை அணைத்துவிட வேண்டும். புடவைகள் தொங்குகிற கொடியைப் பார்த்து உட்கார்ந்தால் எதிரொலி அடங்கும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் ப வரும் இடங்களில் காற்று அடிக்காது. உரையாடலில் குரலை மாற்றி நடிக்க வேண்டாம், யார் பேசுகிறார்கள் என்று மனசில் நினைத்துக்கொண்டு படித்தாலே குரல் தானாக மாறும். ஆட்டக் காட்சியை அவள் எல்லோரையும்விட நன்றாக வாசிப்பாள், ஸ்ட்ரைக்கர் எவ்வளவு கனம் என்று அவள் விரலுக்குத் தெரியும். அந்தப் பதிவு வீட்டுக்குள் கேட்பதற்கு மட்டும். யூடியூபிலோ வாட்ஸ்அப் குரூப்பிலோ போட வேண்டாம், கதையின் உரிமை எழுதியவருடையது.